டொமைன் பெயரைப் பதிவு செய்துவிட்டு அப்புறம் ஏஜெண்டிடம் பேசுங்கள்

புதிதாக இணையதளம் தொடங்குவதற்காகச் சென்னையில் யாராவது வடிவமைப்பாளரைத் தேடிக்கொண்டிருந்தால், அவரைப் பார்க்கப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். நீங்கள் யோசித்து வைத்திருக்கும் டொமைன் பெயரை, அதாவது உங்கள் தளத்தின் இணைய முகவரியை, உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் பதிவு செய்து, ரசீது கைக்கு வரும்வரை எந்த ஏஜெண்டிடமும் அதைச் சொல்லாதீர்கள்.

என் அண்ணி மேற்கு மாம்பலத்தில் வீட்டிலிருந்தே பருப்புப்பொடி, வடாம், நார்த்தங்காய் ஊறுகாய் செய்து விற்கிறார். இதுவரை வாட்ஸ்அப்பில்தான் ஆர்டர். பெங்களூரிலிருந்தும் கோவையிலிருந்தும் கேட்கத் தொடங்கிய பிறகு, விலைப்பட்டியலோடு சொந்தமாக ஒரு தளம் இருந்தால் நல்லது என்று முடிவு செய்தோம். தெரிந்தவர் ஒருவர் தி.நகர்ப் பக்கம் இருக்கும் ஓர் அலுவலகத்தைக் கைகாட்டினார். அந்த அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஆள் மாறினாலும் இதே வித்தையைச் செய்பவர்கள் இருப்பார்கள் என்பதால் வித்தையைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அங்கிருந்த ஏஜெண்ட் காபி வரவழைத்தார், இனிக்க இனிக்கப் பேசினார். முதலில் பெயர் முடிவாகட்டும், மற்றதெல்லாம் பிறகு என்றார். அண்ணி மூன்று பெயர்களை எழுதி எடுத்துப் போயிருந்தார். எங்கள் கண் முன்னாலேயே மடிக்கணினியில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, "மூன்றுமே காலியாகத்தான் இருக்கின்றன மேடம். உங்களுக்கு மனத்துக்குப் பிடித்தது எது?" என்று கேட்டார். அண்ணி முதல் பெயரின் மேல் விரலை வைத்தார். பதிவுச் செலவுக்கும் ஆரம்ப வேலைக்கும் 5,000 ரூபாய் முன்பணம் கேட்டார். யுபிஐயில் அனுப்பினோம். காலையில் முதல் வேலையாகப் பதிவு செய்துவிடுவதாகச் சொன்னார்.

காலையில் தொலைபேசி வந்தது. குரலில் துக்கம் விசாரிக்க வந்தவரின் தோரணை. அந்தப் பெயரை இரவோடு இரவாக மும்பையில் ஒரு பார்ட்டி எடுத்துவிட்டாராம். 40,000 ரூபாய் கேட்கிறாராம். தனக்குப் பழக்கமானவர் என்பதால் பேசி 25,000க்கு முடித்துத் தருகிறாராம். இரவோடு இரவாக எடுத்த முன்பின் தெரியாத ஆள் காலைக்குள் எப்படிப் பழக்கமானவர் ஆனார் என்று அண்ணி கேட்டதற்கு, "ஃபீல்டில் எல்லோரும் தெரிந்தவர்கள்தான் மேடம்" என்று பதில்.

இனி நான் சொல்வதை எவரும் செலவில்லாமல் செய்து பார்க்கலாம். டொமைன் பெயர்களை உலக அளவில் மேற்பார்வை செய்யும் ஐகான் அமைப்பு லுக்கப் என்று ஒரு தேடல் பக்கம் வைத்திருக்கிறது. அதில் ஒரு பெயரை இட்டால், அது எந்தப் பதிவு நிறுவனம் வழியாக, எந்தத் தேதியில், எந்த நொடியில் உருவானது என்பது வரும். உரிமையாளரின் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். நேரத்தை மறைப்பதில்லை. எங்கள் பெயருக்கு எதிரே இருந்த நேரம் 12:52:07. கடைசியில் இசட் என்ற ஓர் எழுத்து. நள்ளிரவு தாண்டி என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியானால் ஆள் சொல்வது சரி. ஆனால் அந்த இசட், உலகப் பொது நேரத்தைக் குறிப்பது. நம் நேரம் வேண்டுமென்றால் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட வேண்டும். கூட்டினால், முந்தைய நாள் மாலை 6:22. முன்பணம் போன நேரம் யுபிஐ ரசீதில் 5:21. நாங்கள் படியிறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. பதிவு செய்த நிறுவனமும், இவர் கொடுத்த விலைக்குறிப்பின் அடியில் லோகோ போட்டிருந்த அதே நிறுவனம்தான்.

இது நீதிமன்றத்தில் நிற்கும் ஆதாரமா என்று ஒரு வக்கீல் நண்பர் கேட்டார். யார் எடுத்தார் என்பதை அந்தப் பதிவு சொல்லவில்லைதான். ஆனால் உலகத்தில் வேறெவருக்கும் தோன்றாமலிருந்த ஒரு பெயர், அண்ணி விரல் வைத்துக் காட்டிய மாலையிலேயே மும்பைக்காரருக்கும் தோன்றியது என்பதை நம்ப எனக்கு வயது கடந்துவிட்டது. இரண்டு நேரங்களையும் படமெடுத்து ஏஜெண்டுக்கே அனுப்பினேன். 25,000 என்பது பிற்பகலுக்குள் 12,000 ஆனது. பிறகு எங்கள் எண்ணைத் தடுத்துவிட்டார்.

இது புதிய தந்திரமும் இல்லை. 2008 ஜனவரியில் அமெரிக்காவின் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம், தன் தளத்தில் மக்கள் தேடிப் பார்த்த பெயர்களைத் தானே நான்கு நாட்களுக்குப் பிடித்து வைத்துக்கொண்டு பெரிய கண்டனத்துக்கு ஆளானது. அவ்வளவு பெரிய நிறுவனமே செய்து பார்த்ததைத்தான் நம் ஊர் ஏஜெண்ட் காபி கொடுத்துச் செய்கிறார். அவருக்கு ஆகும் செலவு என்ன? டாட் காம் பெயருக்கு ஓராண்டுப் பதிவு ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் வரும். பத்துப் பேரில் ஒருவர் பயந்து பணம் கொடுத்தாலும் அவருக்கு லாபம்தான்.

சட்டம் காப்பாற்றாதா என்றால், ஓரளவுக்குத்தான். சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே நிறுவனம் தொடுத்த சிஃபிநெட் வழக்கில், 2004இல் உச்ச நீதிமன்றம் டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னத்துக்கு உள்ள பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. ஆனால் அந்த நிறுவனம் சிஃபி என்ற பெயரை ஏற்கெனவே வணிகத்தில் பயன்படுத்தியிருந்தது. அண்ணியின் பெயரோ ஒரு காகிதத்தில் மட்டும் இருந்தது. மனத்தில் நினைத்த பெயருக்கு உரிமை கிடையாது. முதலில் பணம் கட்டிப் பதிந்தவருக்கே அது சொந்தம். ஜெனீவாவில் உள்ள, அறிவுசார் சொத்துரிமைக்கான ஐ.நா. அமைப்பான வைபோவிடம் முறையிடலாம் என்றால், ஒரு நடுவரை வைத்து விசாரிக்கவே கட்டணம் 1,500 டாலர். பருப்புப்பொடி விற்று அதைக் கட்ட முடியாது.

அந்த முதல் சந்திப்பிலேயே இன்னொரு கண்ணியும் இருந்தது. விலைக்குறிப்பில் டொமைன், ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்), மின்னஞ்சல் மூன்றும் ஒரே தொகையாகப் போட்டிருந்தது. யார் பெயரில் பதிவாகும் என்று கேட்டபோது, எல்லாம் தன் கணக்கிலேயே இருக்கும், ஐகான் விதிப்படி 60 நாளைக்குப் பெயரை மாற்றவே முடியாது என்றார். பாதி உண்மை. புதிதாகப் பதிந்த டாட் காம் பெயரை 60 நாட்களுக்கு வேறு பதிவு நிறுவனத்துக்குக் கொண்டுபோக முடியாது, அவ்வளவுதான். முதல் நாளே உங்கள் பெயரில், உங்கள் கணக்கில் பதிவதை எந்த விதியும் தடுக்கவில்லை.

பெயர் ஏஜெண்டின் கணக்கில் இருப்பதன் விளைவைப் பாரிமுனையில் அச்சகம் வைத்திருக்கும் என் மைத்துனர் அனுபவித்தார். அவருடைய ஏஜெண்ட் தொழிலை மூடிவிட்டுப் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல்கள் எல்லாம் ஏஜெண்டின் முகவரிக்குப் போயின. டாட் காம் பெயர் காலாவதியானால் புதுப்பித்துக்கொள்ளப் பதிவு நிறுவனங்கள் பொதுவாகச் சில வாரங்கள் அவகாசம் தரும்; அதன்பின் 30 நாட்கள் கூடுதல் தண்டம் கட்டி மீட்கலாம்; அப்புறம் ஐந்து நாட்களில் பெயர் பொதுவில் விழுந்துவிடும். மைத்துனருக்குத் தெரிய வந்தபோது பெயர் விழுந்து, வேறு யாரோ எடுத்து, சூதாட்ட விளம்பரம் போட்டிருந்தார்கள். அவருடைய கல்யாணப் பத்திரிகை மாதிரிப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் அந்த முகவரி அச்சாகியிருக்கிறது.

அண்ணிக்கு வேறு பெயர் தேடினோம். பறிபோன பெயரில் நடுவே ஒரு ழகரம் இருந்தது. ஆங்கில எழுத்தில் அதை ஒருவர் இசட் ஹெச் என்று எழுதுவார், இன்னொருவர் வெறும் எல் போடுவார். ஆகாரத்துக்கு ஒரு ஏ போடுவதா, இரண்டா என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். தமிழ்ப் பெயரை டொமைனாக்க நினைப்பவர்கள் இதை முன்பே சோதித்துவிட வேண்டும். நாங்கள் செய்தது எளிது: பெயரை எழுத்துக் கூட்டாமல் தொலைபேசியில் சொல்லி, எதிரே இருப்பவரைத் தட்டச்சு செய்து அனுப்பச் சொன்னோம். பெயர் தெரிந்துவிடுமே என்பதால் சொந்தக்காரர்களை மட்டும் கூப்பிட்டோம். எல்லோரும் ஒரே மாதிரி அனுப்பிய பெயரை அன்றிரவே அண்ணியின் மின்னஞ்சலில் பதிந்தோம், டாட் காம், டாட் இன் இரண்டிலும். நடுவில் கோடு போட்ட பெயர்களை ஒதுக்கினோம். கோடு எங்கே வருகிறது என்று ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் விளக்கிக்கொண்டிருக்க அண்ணிக்கு நேரமில்லை.

முன்பணம் 5,000 திரும்பவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறோம். அதில் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. வியாபாரத்துக்கு வாங்கிய சேவை, அதனால் நாங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும். சுயதொழில் செய்து பிழைப்பவருக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, ஆனால் அதன் வாசகம் வாங்கிய பொருட்களைத்தான் சொல்கிறது. இதே போல் யாருக்காவது நடந்திருந்தால், லுக்கப் பக்கத்தை நேரம் தெரியும்படி முழுதாகப் படமெடுத்து, யுபிஐ ரசீதோடும் வாட்ஸ்அப் உரையாடலோடும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆள் எண்ணைத் தடுப்பதற்கு முன், தான் அனுப்பிய செய்திகளை ஒவ்வொன்றாக அழித்துவிட்டார். அதற்கு முன்பே அண்ணி எல்லாவற்றையும் படமெடுத்து வைத்திருந்ததால்தான் புகாரோடு இணைக்க எங்களிடம் ஏதோ இருக்கிறது.