குனுங் காடிங்: ரஃப்ளேசியாவோடு ஈக்களையும் பார்க்க ஏற்ற இடம்

மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் ரஃப்ளேசியா என்ற ராட்சதப் பூவைப் பார்க்க ஒரே இடம் சொல்லுங்கள் என்று கேட்டால், தயங்காமல் குனுங் காடிங் தேசியப் பூங்காவைச் சொல்வோம். மாநிலத் தலைநகர் கூச்சிங்கிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், லுண்டு ஊருக்குப் பக்கத்தில். இங்கே பூப்பது ரஃப்ளேசியா துவான்மூடே என்ற இனம். அலுவலகத்தை ஒட்டிய பலகைப் பாதையின் ஓரத்திலேயே சில பூக்கள் விரிவதால் வயதானவர்களும் பார்த்துவிடலாம். பாதையை விட்டுத் தள்ளிப் பூத்திருந்தால் வழிகாட்டி வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம்.

கிளம்புமுன் போன் செய்யுங்கள். பூ இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது, விரிந்து எத்தனை நாளாயிற்று என்றும் கேளுங்கள். முட்டைக்கோஸ் மாதிரியான மொட்டு முற்ற ஒன்பது மாதம் ஆகலாம். விரிந்த பூவுக்கு ஆயுள் ஐந்து நாள் போலத்தான். முதல் மூன்று நாளுக்குள் போனால் செங்கல் சிவப்பும் வெளிர் திட்டுகளும் பளிச்சென்று இருக்கும். அதற்குப் பிறகு கருத்து, கூழாகிவிடும். நவம்பர் முதல் ஜனவரி வரை வாய்ப்பு அதிகம். அது அடைமழைக் காலம், பலகை வழுக்கும். நல்ல பிடிமானமுள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

தூரத்திலேயே மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்து வருபவர்கள் ஏமாந்து போகிறார்கள். குனிந்து முகர்ந்தால்தான் அழுகிய இறைச்சி வாடை தெரியும். அந்த வாடை ஈக்களுக்கானது. படம் எடுத்த கையோடு திரும்பாமல், வெயில் ஏறும்வரை அங்கேயே நில்லுங்கள். பச்சையும் நீலமுமாக மின்னும் பிண ஈக்கள் வந்து உட்காரும். பூவின் நடுவில் முட்கள் நிற்கும் தட்டு ஒன்று உண்டு. ஆண் பூவாக இருந்தால் மகரந்தப் பைகள் அந்தத் தட்டின் விளிம்புக்கு அடியில் இருக்கும். அங்கே நுழையும் ஈயின் முதுகில் பிசுபிசுப்பான மகரந்தக் கூழ் அப்பிக்கொள்ளும். வெளியே வரும் ஈயின் முதுகில் மஞ்சள் திட்டு தெரிகிறதா என்று பாருங்கள், இந்தப் பயணத்தில் இதைவிட அருமையான காட்சி வேறில்லை. ஈக்கு ஒரு சொட்டுத் தேன்கூடக் கிடைக்காது. அதே ஈ அடுத்து ஒரு பெண் பூவுக்குள் புகுந்தால்தான் காய் பிடிக்கும். ஆணும் பெண்ணும் தனித்தனிப் பூக்கள். இரண்டும் ஒரே சமயத்தில், ஈ பறந்துபோகும் தூரத்தில் விரிந்திருக்க வேண்டும். காய் அபூர்வமாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

மொட்டைத் தொடாதீர்கள், அடிபட்ட மொட்டு அழுகிவிடும். பலகையை விட்டு இறங்கவும் வேண்டாம். இலையோ தண்டோ வேரோ இல்லாத இந்த ஒட்டுண்ணி, பிரண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த டெட்ராஸ்டிக்மா கொடிக்குள் நூல்நூலாக வாழ்கிறது. மிதிபட்டுக் கொடி செத்தால் இனி வரவேண்டிய பூக்களும் அதோடு போயின.

பூ இல்லாத நாளில் அருவியும் மலைப்பாதையும் இருக்கின்றன. ஆனால் ரஃப்ளேசியாவுக்காகவே வருபவர்கள், பூ விரிந்த செய்தி உறுதியான பிறகு கூச்சிங்கில் வண்டி ஏறுவதே சரி.