ரோம் – பிளாரன்ஸ்: அதிவேக ரயிலா, சாதா ரயிலா, பஸ்ஸா?

கையில் காசு குறைவு என்றால் சாதா ரயில்தான் சிக்கனம் என்று நினைப்போம். இத்தாலியில் அந்தக் கணக்கு எப்போதும் சரிவராது.

ரோமிலிருந்து பிளாரன்ஸுக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம். அரசின் ஃப்ரெச்சாரொஸ்ஸாவும், 2012-இல் களமிறங்கிய தனியார் இட்டாலோவும் ஒரே தடத்தில் போட்டி போடுகின்றன. அதனால் சில வாரங்கள் முன்பே பதிவு செய்தால் 20 யூரோவை ஒட்டி டிக்கெட் கிடைக்கும். அதே பயணத்துக்குக் கடைசி நேரத்தில் போனால் 50 யூரோவைத் தாண்டிவிடும். இன்னொன்று, மலிவு டிக்கெட் அந்த ஒரு வண்டிக்கு மட்டும்தான். ரயிலைத் தவறவிட்டால் காசு போனது போனதுதான்.

‘ரெஜொனாலே’ எனப்படும் சாதா ரயிலுக்குத் தூரத்தை வைத்து நிலையான கட்டணம். 20 யூரோவுக்குச் சற்று மேல் ஆகும். ஒரு மாதம் முன்னால் வாங்கினாலும், வண்டி கிளம்பப் பத்து நிமிடம் இருக்கும்போது வாங்கினாலும் ஒரே விலை. இருக்கை முன்பதிவு கிடையாது. ஆனால் கிட்டத்தட்ட நாலு மணி நேரம் உட்கார வேண்டும். ஆக, தேதி உறுதியாகத் தெரிந்தவர் இதில் ஏறுவதில் லாபமே இல்லை.

வழியில் இறங்குகிறவருக்குத்தான் இது வரம். அதிவேக வண்டிகள் நிற்காமல் பறக்கும் ஒர்வியேத்தோ என்ற ஊரில் இது நிற்கும். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே கம்பிவட ரயில் ஏறினால், பாறை உச்சியில் இருக்கும் பழைய ஊருக்குப் போய்விடலாம். தங்க மொசைக் பளபளக்கும் தேவாலய முகப்பைப் பார்த்துவிட்டு, மாலை வண்டியில் பிளாரன்ஸ் போகலாம். இரண்டு துண்டாக டிக்கெட் எடுத்தால் போதும். காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் ஸ்டேஷனில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அபராதம்.

பஸ் சில நாள் 10 யூரோவுக்கும் கீழே கிடைக்கும். ஆனால் ரோமில் திபுர்த்தினா பஸ் நிலையம் வரை போய் ஏற வேண்டும். பிளாரன்ஸில் பல பஸ்கள் ஊருக்கு வெளியே வில்லா கோஸ்தான்சாவில் இறக்கிவிடும். அங்கிருந்து ட்ராம் பிடிக்க வேண்டும். பெட்டியும் பையுமாக இருப்பவருக்கு இந்த மிச்சம் அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

ரோமிலிருந்து நேப்பிள்ஸ் பக்கம் போனால் கதை வேறு. சாதா ரயில் சுமார் 13 யூரோ, ஏறத்தாழ மூன்று மணி நேரம். அங்கே என் ஓட்டு இதற்குத்தான்.

அப்புறம், கிளம்பும் முன் வேலைநிறுத்த அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இத்தாலியில் அது அடிக்கடி வரும். வேலைநாளாக இருந்தால் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் அத்தியாவசிய சாதா ரயில்கள் ஓடியாக வேண்டும். மற்ற நேரத்தில், வேலைநிறுத்தம் ரயிலுக்கு மட்டும் என்றால், பல சமயம் பஸ்தான் கதி. அன்றைக்கு அதன் விலையும் ஏறியிருக்கும்.