கொக்கியைத் தூக்குவதா, ட்ரெயிலரைத் தூக்குவதா?

கண்டியிலிருந்து கம்பளை, இறம்பொடை வழியாக நுவரெலியா ஏறும் ஏ-5 பாதையில் சின்னக் கேரவன் ட்ரெயிலர் ஒன்றை இழுத்துப் போகிறவருக்கு அடி தட்டும் தொல்லை பெரிதாகத் தெரியாது. வளைவுகள் ஏராளம்தான், ஆனால் தார் பாதை. தொல்லை தொடங்குவது பிரதான பாதையை விட்டுத் தோட்டத்துப் பாதைக்குத் திரும்பும் இடத்தில். குறுக்கே ஒரு கான் (மழைநீர் ஓடும் வடிகால்), கானைத் தாண்டியதும் சட்டென்று ஏற்றம். இழுக்கும் டபுள் கெப்பின் முன்பக்கம் மேலே ஏற, பின்சில்லு கானுக்குள் இறங்க, ட்ரெயிலரைப் பூட்டுவதற்காகப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கி கருங்கல்லில் 'கரக்'கென்று உரசும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். கொக்கியின் குண்டு, அதாவது ட்ரெயிலரின் மூக்கு வந்து உட்காரும் இரும்பு உருண்டை, பின் ஆக்சிலிலிருந்து 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாகனம் 15 சதவீத ஏற்றத்தில் நிற்கிறது, பின்சில்லு ஏற்றத்தின் அடியில், பின்னால் தரை சமம். அந்த இடத்தில் குண்டு 18 செ.மீ. கீழே இறங்கிவிடும். சமதரையில் கொக்கியின் அடிப்பாகத்துக்கு 30 செ.மீ. இடைவெளி இருந்தால் இப்போது மிச்சம் 12. கானில் சில்லு ஒரு சாண் இறங்கினால் அதுவும் போச்சு. குண்டு பின் ஆக்சிலிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு மோசம். ஆகவே நீளமான கொக்கித் தண்டு போட்டிருப்பவர்கள் முதலில் அதைக் கட்டையாக்கினாலே கொஞ்சம் மூச்சு விடலாம்.

காசு செலவழிக்கும் முன் தட்டுவது எது என்று தெரியவேண்டும். பண்டாரவளைப் பக்கம் ஒரு வெல்டிங் பாஸ், இந்தப் புகாரோடு வருகிறவர்களிடம் எதுவுமே பேசாமல் டோர்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் படுத்துவிடுவார். துருப்பிடித்த இரும்பில் எந்த இடம் பளபளவென்று தேய்ந்திருக்கிறது என்று தேடுவார். பல நேரம் பளபளப்பது கொக்கியே அல்ல, கழற்றிய ட்ரெயிலரைத் தாங்கும் முன் குட்டிச் சில்லின் கவைதான். அதைப் பயணத்துக்கு முன் முழுதாக மேலே சுருட்டாமல், அல்லது சுருட்டியும் கிளம்பைத் தாழ்வாகவே விட்டு ஓட்டியிருப்பார்கள். கிளம்பைத் தளர்த்தி மேலே ஏற்றி இறுக்கினால் வேலை முடிந்தது. தொங்கும் காப்புச் சங்கிலியும் இப்படித்தான்.

அடுத்து வாகனத்தின் பின்பக்கம் அமுங்குகிறதா என்று பாருங்கள். ட்ரெயிலரை மாட்டுவதற்கு முன்னும் பின்னும் குண்டின் உயரத்தை டேப்பால் அளந்தால் போதும். வித்தியாசம் அதிகமென்றால் ஒன்று ஸ்பிரிங் களைத்துவிட்டது, இல்லை ட்ரெயிலரின் மூக்கில் பாரம் கூடிவிட்டது. தண்ணீர்த் தொட்டி, 12.5 கிலோ காஸ் சிலிண்டர், பற்றரி எல்லாவற்றையும் முன்னாலேயே அடுக்கும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. அதற்காக எல்லாவற்றையும் பின்னால் தள்ளிவிடவும் கூடாது. கொக்கியில் விழும் பாரம் ட்ரெயிலரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்கவேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. ஐரோப்பாவில் அதைவிடக் குறைத்தே வைப்பார்கள். மூக்கில் பாரமே இல்லாமல் போனால் இறக்கத்தில் ட்ரெயிலர் வாலாட்டும்.

இத்தனையும் சரி, கொக்கி இன்னும் தட்டுகிறது என்றால்தான் தலைப்பிலுள்ள கேள்வி.

கொக்கியைத் தூக்குவது சுலபம். குண்டு நிற்கும் தண்டு பெரும்பாலும் படி மாதிரி கீழ்நோக்கி வளைந்திருக்கும். அதைக் கழற்றித் தலைகீழாக மாட்டி, குண்டை மேல்பக்கம் பூட்டினால் முடிந்தது. அரை மணி நேர வேலை, செலவு ஒன்றுமில்லை. ஆனால் 10 செ.மீ. கீழிறங்கும் தண்டைத் திருப்பினால் குண்டு 20 செ.மீ. மேலே போகிறது. ட்ரெயிலரின் மூக்கு வானத்தைப் பார்க்கும். பாஸின் வார்த்தையில் சொன்னால், "மூஞ்சியத் தூக்குனா வாலு தரையில பொரளும் தம்பி." உண்மைதான். கான் தாண்டும்போது கொக்கி தப்பும், அடுத்த நொடி கழிவுநீர்க் குழாயோ பின் சட்டமோ அடிவாங்கும். ஒற்றை ஆக்சில் வண்டியில் இதோடு போகும். இரட்டை ஆக்சில் என்றால் பின் ஆக்சில் மேல் பாரம் ஏறி, ஓட்டமும் கெடும். இரண்டு மூன்று செ.மீ. மட்டும் தேவைப்படுகிறவருக்கு, துளைகள் வரிசையாக உள்ள தண்டு வாங்கி ஒரு துளை மேலே ஏற்றுவது நியாயமான வழி. அதற்கு மேல் வேண்டாம்.

ஏனென்றால் கொக்கி தாழ்ந்து கிடப்பதற்கே காரணம் ட்ரெயிலரின் உயரம். ஐரோப்பியக் கேரவன்கள் கார்களுக்காகச் செய்யப்பட்டவை. அங்கே பாரமேற்றிய நிலையில் குண்டின் மையம் தரையிலிருந்து 35 முதல் 42 செ.மீ. உயரத்துக்குள் இருக்கவேண்டும் என்பது விதி. நாம் அதே அளவில் ட்ரெயிலரைக் கட்டிவிட்டு, உயரமான டபுள் கெப்பில் பூட்டுகிறோம். குண்டைக் கீழே கொண்டுவர வளைந்த தண்டு போடுகிறோம், அந்த வளைவுதான் கல்லில் தட்டுகிறது. ட்ரெயிலர் உயர்ந்தால் வளைந்த தண்டே தேவையில்லை.

உயர்த்துவதில் எனக்குப் பிடித்தது, வண்டியைத் தாங்கும் வளைந்த இரும்புப் பட்டைக் கட்டான ஸ்பிரிங் பட்டையை ஆக்சிலுக்கு மேலே மாற்றுவது. தாழ்வாக நிற்கும் ட்ரெயிலர்கள் பலவற்றில் பட்டை ஆக்சிலுக்குக் கீழே இருக்கும். அதை மேலே கொண்டுவந்தால் ஆக்சில் குழாயின் தடிப்பும் பட்டைக் கட்டின் தடிப்பும் சேர்ந்த அளவுக்கு வண்டி உயரும், 10 செ.மீ. அல்லது சற்று அதிகம். ஸ்பிரிங்கின் மென்மை மாறாது. முக்கியமான எச்சரிக்கை ஒன்று: ஆக்சிலையே தலைகீழாகப் புரட்டக் கூடாது. பல ஆக்சில்கள் நடுவில் மெல்ல மேல்நோக்கி வளைத்துச் செய்யப்பட்டவை. புரட்டினால் சில்லுகள் தப்பான பக்கம் சாய்ந்து டயரின் ஓரத்தைத் தின்னும். ஆக்சில் அப்படியே இருக்க, பட்டை உட்காரும் இருக்கையைப் புதிதாகச் செய்து மேல்பக்கத்தில் ஒட்டவேண்டும். மெல்லிய குழாயை அதிகம் சூடாக்கினால் வளையும் என்பதால், இது தெரிந்த கைக்குரிய வேலை.

பட்டையே இல்லாமல் உள்ளே ரப்பர் முறுக்கிய ஆக்சில் என்றால், சட்டத்துக்கும் ஆக்சில் பிடிப்புக்கும் இடையில் பொக்ஸ் பார் வைத்து உயர்த்தலாம். 2 அங்குலப் பார் வைத்தால் 2 அங்குலம் உயரும், அவ்வளவுதான் கதை.

பெரிய டயர் போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் நிறைய. விட்டத்தில் கூடுவதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். 165ஆர்13 டயரை எடுத்துவிட்டு 185ஆர்14 போட்டால் ஏறத்தாழ 3 செ.மீ. அதற்கு ரிம் மாற்றவேண்டும், சில்லு மேலே எழும்போது மட்கார்டில் இடமும் இருக்கவேண்டும். பட்டைக் கட்டில் இன்னும் இரண்டு பட்டை சேர்ப்பது எனக்குக் கட்டோடு பிடிக்காத வழி. உயரம் கொஞ்சம்தான் கிடைக்கும். பாரமில்லாத ட்ரெயிலர் கல்லுப் பாதையில் குதிக்கும், உள்ளே அலுமாரிக் கதவுகள் கழன்று தொங்கும்.

வெளிநாட்டுப் படங்களில் இரண்டு நீளக் கம்பிகளோடு வரும் பாரம் பகிரும் கொக்கியைப் பார்த்துச் சிலர் ஆசைப்படுகிறார்கள். அது பல தொன் எடையுள்ள பெரிய ட்ரெயிலர்களுக்கானது. அதன் தலையும் கம்பிகளும் சாதாரணக் கொக்கியைவிடத் தாழ்வாகத் தொங்கும், ஆழமான பள்ளத்தில் கம்பிகளில் இழுவிசை தாறுமாறாக ஏறும். ஒரு தொன்னுக்குக் குறைந்த நம் வண்டிகளுக்கு அது வேண்டாத வம்பு.

கொக்கிக்கு அடியில் தேய்பட்டை ஒட்டுவது இடைவெளியைக் கூட்டாது, குறைக்கும். இருந்தாலும் ஒரே ஒரு மோசமான நுழைவாயில்தான் தொல்லை என்றால் சறுக்கிக்கொண்டு போக உதவும். அப்படிப்பட்டவருக்கு அதைவிட நல்லது இரண்டு தடித்த பலகை. கானுக்குள் பின்சில்லு இறங்கும் இடத்தில் போட்டுத் தாண்டி, மறக்காமல் எடுத்துவிடுங்கள். மழை நேரத்தில் கானை அடைத்தால் தண்ணீர் கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் போகும், தோட்டத்து ஆட்களிடம் ஏச்சும் கிடைக்கும்.

பட்டையை மேலே மாற்றுகிறவர்கள் கூடவே பார்க்கவேண்டியவை சில. உயரம் கூடும்போது எடையின் மையமும் மேலே போகிறது. ஊசி வளைவில் எப்படியும் மெதுவாகத்தான் போவோம், ஆனால் அப்புத்தளை மாதிரி காற்றுப் பிய்த்துக்கொண்டு அடிக்கும் இடத்தில் உயரமான பெட்டிக்கு வித்தியாசம் தெரியும். ஆகவே பாரமானதைத் தரையோடு அடுக்குங்கள். பிரேக் கேபிள் நீளம் போதுமா என்று பாருங்கள். வாசற்படி 10 செ.மீ. உயர்ந்துவிடும், வயதானவர்களுக்கு ஒரு மடிப்புப் படி வேண்டியிருக்கும். பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் பழைய யூ போல்ட்டுகளைத் திரும்பப் போடாமல் புதிதாக வாங்குங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் அவற்றை மறுபடி இறுக்குங்கள், பட்டை உட்கார்ந்தபின் அவை தளர்ந்திருக்கக்கூடும்.