மூடி திறக்குமா? ஒன்றாம் வகுப்புச் சாமான்கள்: ஒரு மதிப்புரை

மே மாதக் கடைசியில் எந்த ஊர்க் கடைத்தெருவுக்குப் போனாலும் பள்ளிச் சாமான்கள் குவிந்து கிடக்கும். ஒன்றாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு வாங்க வருபவர்கள் உறுதியைப் பார்ப்பார்கள், விலையைப் பார்ப்பார்கள், பிள்ளை அடம்பிடிக்கும் பொம்மைப் படத்துக்கும் தலையாட்டுவார்கள். ஆனால் பிள்ளை அதைத் தனியாகத் திறந்து மூடுமா என்று அங்கேயே கையில் கொடுத்துப் பார்ப்பவர்கள் குறைவு. யூகேஜி வரை பெரும்பாலும் வகுப்பில் ஓர் ஆயா இருப்பார். டப்பாவைத் திறந்து தருவார், கால்சட்டைக் கொக்கியை மாட்டிவிடுவார். ஒன்றாம் வகுப்பில் முப்பது நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர்தான். "ஸ்கூல் பிடிக்கல" என்ற அழுகைக்குப் பின்னால் சில சமயம் திறக்காத மூடி ஒன்றுதான் இருக்கும்.

முதலில் சாப்பாட்டு டப்பா. அதிகம் ஏமாறுவது இதில்தான்.

எவர்சில்வர் அழுத்து மூடி டப்பா பார்க்க எளிமையானது. கடையில் காலி டப்பாவைப் பிள்ளை சட்டென்று திறந்தும் காட்டிவிடும். சிக்கல் மதியம் வரும். காலை ஏழரை மணிக்கு ஆவி பறக்கும் சோற்றைப் போட்டு உடனே மூடினால் உள்ளே நீராவி நிறைந்திருக்கும். ஆற ஆற அது தண்ணீராகிவிடும், உள்ளே அழுத்தம் குறையும், வெளிக்காற்று மூடியைக் கீழே அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். பெரியவர்களே கரண்டிக் காம்பால் நெம்ப வேண்டிய மூடியை ஆறு வயது விரல் என்ன செய்யும்? சோற்றைத் தட்டில் பரப்பிப் பத்து நிமிடம் ஆறவிட்டு அடைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். காலை அவசரத்தில் அந்தப் பத்து நிமிடம் தினமும் கிடைக்காது என்றால் இந்த வகையே வேண்டாம்.

நான்கு பக்கமும் கிளிப் வைத்த பிளாஸ்டிக் டப்பாவில் ரசம்கூடச் சிந்தாது என்பார்கள், அது உண்மையும்கூட. ஆனால் சிந்தாமல் இருப்பதற்காகவே கிளிப்புகளை இறுக்கமாகச் செய்திருப்பார்கள். திறப்பதைவிட மூடுவது இன்னும் கடினம். மூடி உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் கழுவும்போது கழன்று வரும். திருப்பி மாட்டும்போது சற்றே முறுக்கிக்கொண்டாலும் கிளிப் சேராது. வளையத்துக்கு அடியில் எண்ணெய்ப் பிசுக்கு தங்கிக் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும், வாரம் ஒரு முறையாவது கழற்றித் தேய்க்க வேண்டும்.

எங்கள் ஓட்டு இரண்டு பக்கக் கிளிப் உள்ள எவர்சில்வர் டப்பாவுக்கு. சாம்பார் கொஞ்சம் கசியலாம், அதனால் கலந்த சாதமாகக் கொடுங்கள். 350 மில்லி கொள்ளளவு இந்த வயதுக்குப் போதும், நொறுக்குக்குத் தனியாக 150 மில்லி டப்பா. பெரிய டப்பா வாங்கினால் நம் கை நிரப்பத்தான் பார்க்கும், அது மீந்து வரும், வீட்டில் திட்டு விழும். சோதனையைக் காலி டப்பாவில் செய்யாதீர்கள். சாப்பாட்டோடு, ஈரக் கையோடு, தரையில் உட்கார வைத்து, இருபது நிமிடத்துக்குள் திறந்து, சாப்பிட்டு, மூடச் சொல்லுங்கள். பள்ளி திறக்கும் முன் இப்படி நாலு நாள் நடந்தால் போதும். தயிர்சாதம் கொடுப்பவர்கள் பாலை அதிகமாகவும் தயிரை ஒரே ஒரு கரண்டியும் சேர்த்துப் பிசைந்தால் மதியத்துக்குள் புளித்துப்போகாது.

அடுத்தது யாரும் சாமான் கணக்கில் சேர்க்காத ஒன்று: கால்சட்டை இடுப்பு. தைத்து விற்கும் சீருடைகளில் இரும்புக் கொக்கி, உள்பட்டன், ஜிப், அதற்கு மேல் பெல்ட் என்று நான்கு பூட்டு. கழிவறை வாசலில் நின்று இதையெல்லாம் கழற்றுவதற்குள் கால்சட்டை நனைந்துவிடும். அந்தப் பயத்திலேயே நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காத பிள்ளைகள் உண்டு. தையற்காரரிடம் கொடுத்து இடுப்பின் பின்பக்கம் எலாஸ்டிக் வைத்து, கொக்கியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெல்க்ரோ தைக்கச் சொல்லுங்கள். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பெல்ட் கட்டாயம் என்றால், மாட்டிய பிறகும் எலாஸ்டிக் இழுபடும் அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும். பெண் பிள்ளைகளின் பினாஃபோரில் இந்தத் தொல்லை இல்லை.

தண்ணீர் பாட்டிலில் பட்டனை அழுத்தினால் மூடி துள்ளித் திறக்கும் வகையைத்தான் பிள்ளைகள் கேட்பார்கள். பைக்குள் ஏதாவது அந்தப் பட்டனில் பட்டால் நோட்டெல்லாம் நனையும். உறிஞ்சுகுழாய் வைத்த பாட்டிலில் குழாய்க்குள் வழவழப்பு படியும், மெல்லிய பிரஷ் விட்டுத் தினமும் கழுவாவிட்டால் நாறும். எங்கள் தேர்வு: திருகு மூடி, அது கழுத்தோடு நாடாவால் கோக்கப்பட்டிருக்க வேண்டும் (இல்லையென்றால் முதல் வாரமே மூடி தொலையும்), ஒற்றைச் சுவர் எவர்சில்வர், அரை லிட்டர். சூடு தாங்கும் இரட்டைச் சுவர் பாட்டில் காலியாகவே ஏறத்தாழ இரண்டு மடங்கு கனம். மாலையில் பாட்டில் நிறைந்தே திரும்பி வந்தால் தாகம் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். மூடியையும் கால்சட்டையையும் சந்தேகப்படுங்கள். கேரளப் பள்ளிகள் சிலவற்றில் தண்ணீர் குடிக்க வைப்பதற்கென்றே 2019-இல் தனியாக மணி அடிக்கத் தொடங்கினார்கள். உங்கள் பள்ளியில் அப்படி ஒன்று உண்டா என்று கேட்டுவையுங்கள்.

இனி பை. மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை, ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குப் பையின் எடை 1.6 முதல் 2.2 கிலோ வரை என்று வைத்திருக்கிறது. பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது கணக்கு. 20 கிலோ பிள்ளைக்கு 2 கிலோ. கூட்டிப் பாருங்கள்: அரை லிட்டர் தண்ணீரும் பாட்டிலும் சேர்ந்து 650 கிராம், சாப்பாட்டு டப்பாக்கள் 600 கிராம். வெறும் பை 500 கிராம் என்றால், புத்தகத்துக்கு மிஞ்சுவது 250 கிராம்தான். அதனால்தான் பொம்மை முகம் புடைத்து நிற்கும் கெட்டி ஓட்டுப் பைகளையும் சக்கரம் வைத்த பைகளையும் வேண்டாம் என்கிறோம். சக்கரப் பை மாடிப்படி வரைக்கும்தான் வண்டி, அதற்கு மேல் சுமை.

உள் உயரம் 32 சென்டிமீட்டர் இருந்தால் ஏ4 அளவுப் புத்தகம் நிற்கும். தோள்பட்டை வார் 5 சென்டிமீட்டர் அகலமும், வார் பையோடு சேரும் அடிப்பக்கத்தில் பெருக்கல் குறி போட்ட தையலும் வேண்டும், பை முதலில் பிய்வது அங்கேதான். ஜிப் பெரிய பல்லாக இருக்கட்டும். பிள்ளைகள் மறுமுனையைப் பிடிக்காமல் ஒரே கையால் வெடுக்கென்று இழுப்பார்கள். உள்துணியின் நூல் பிசிறு சிக்கும், ஓட்டி அகன்றுவிடும், பிறகு மூடினாலும் பின்னாலேயே பிளந்துகொண்டு வரும். வாங்கிய அன்றே பிசிறுகளைக் கத்தரித்து, ஜிப் பல்லின் மேல் மெழுகுவத்தியைத் தேய்த்து, இழுவையில் ஒரு சாவி வளையம் மாட்டிவிடுங்கள். இரவில் பையை அடுக்குவது பிள்ளையின் வேலை, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். எது எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரிந்தால்தான் வகுப்பில் தேடாமல் எடுக்கும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் சேர்ப்பவர்களுக்குப் பை, பாடநூல், நோட்டு, கிரையான் எல்லாம் அங்கேயே தருகிறார்கள். காலை உணவும் சத்துணவும் உண்டு. அவர்கள் பாட்டில், தட்டு பற்றி மட்டும் யோசித்தால் போதும்.

ஷூவில் யோசிக்கவே வேண்டாம், வெல்க்ரோதான். அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கினால் பிள்ளை தடுக்கி விழும். மாலையில், சாக்ஸோடு நிற்கவைத்து, பெருவிரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் பாருங்கள். ஒட்டாமல் போன வெல்க்ரோவைப் பழைய பல் துலக்கியால் தேய்த்து முடியும் நூலும் எடுத்தால் மறுபடி பிடிக்கும்.

பட்டனைத் தட்டினால் அறை அறையாகத் திறக்கும் பென்சில் பெட்டி ஒரு விளையாட்டுச் சாமான், பாட நேரத்தில் கீழே விழுந்து கலகலக்கும். ஜிப் வைத்த துணிப் பையில் சீவிய பென்சில் இரண்டு, வெள்ளை அழிப்பான் ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். பழ வாசனை அழிப்பான் கடிபடும், அல்லது பறிபோகும். முக்கோண வடிவப் பென்சில் பிடிப்பதற்கு நல்லது, ஆனால் தடிமனானது சாதாரணத் துருவியில் நுழையாது, அதற்கு இரட்டை ஓட்டைத் துருவி வாங்க வேண்டும். பென்சிலின் பின்முனையில் ஒரு விரற்கடை அளவு பெயிண்டைச் சீவி, வெள்ளை மரத்தில் பால்பாயின்ட் பேனாவால் பெயரெழுதினால் ஸ்டிக்கர் போல உரிந்து வராது.

பையின் வெளிப்புறத்தில் மட்டும் பெயர் எழுத வேண்டாம், தெருவில் போகிற எவரும் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட அது வழியாகிவிடும். டப்பா மூடியின் உள்பக்கத்தில் எழுதலாம். அதையும் டப்பா நாலு நாள் சோதனையில் தேறிய பிறகு எழுதுங்கள், பெயர் எழுதிய சாமானைக் கடைக்காரர் திரும்ப வாங்கமாட்டார்.