எந்த ரோனினில் தொடங்குவது?

எசமானை இழந்து திரியும் சாமுராய்க்கு, அதாவது ஜப்பானியப் போர்வீரனுக்கு, ரோனின் என்று பெயர். இந்த வகைப் படங்களுக்குள் நுழைகிறவர் முன் வழக்கமாக மூன்று வாசல்கள் இருக்கும்: இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘யோஜிம்போ’ (1961), அதன் தொடர்ச்சி ‘சஞ்சூரோ’ (1962), மசாகி கொபாயாஷியின் ‘ஹராகிரி’ (1962). மூன்றிலும் நடிகர் தாத்சுயா நகாதாய் உண்டு. முதல் இரண்டில் நாயகன் தோஷிரோ மிஃபுனேவிடம் தோற்கும் எதிராளி, மூன்றாவதில் நாயகன்.

முதல்முறை பார்ப்பவருக்கு ‘யோஜிம்போ’தான். 110 நிமிடம், தொய்வே கிடையாது. மனிதக் கையைக் கவ்விக்கொண்டு ஒரு நாய் தெருவில் ஓடிவருகிறது. ஊர் எப்படிப்பட்டதென்று அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பிரதியைப் பார்த்து எடுங்கள். அகலத்திரைக்கென்றே ஒளிப்பதிவாளர் கசுவோ மியாகாவா படமாக்கியது இது. இரண்டு கும்பல்கள் தெருவின் இரு முனையிலும் பயந்து பயந்து முன்னேற, மிஃபுனே நடுவே கோபுரத்தின் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். பக்கவாட்டில் வெட்டிய பழைய டிவி பிரதியில் கும்பல் பாதி காணாமல் போகும், கூடவே நகைச்சுவையும். இன்னொன்று: நகாதாயின் கையில் துப்பாக்கி. அதை வெல்ல மிஃபுனே கத்தி எறிந்து பழகுவது காற்றில் பறக்கும் ஒரு காய்ந்த இலையின் மேல்!

‘சஞ்சூரோ’ 96 நிமிடம், கொஞ்சம் இலகுவான படம். ஒன்பது இளம் சாமுராய்கள் தாய்க்கோழி பின்னால் குஞ்சுகள் மாதிரி மிஃபுனேவைச் சுற்றிக்கொண்டு காரியத்தைக் கெடுப்பார்கள். தனியாகப் பார்த்தாலும் கதை புரியும். ஆனால் அவர் தோளைக் குலுக்குவதும் பெயர் கேட்டால் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதும் முதல் படத்தைப் பார்த்தவருக்குத்தான் இனிக்கும். கடைசிச் சண்டையில் மிஃபுனேவும் நகாதாயும் கைக்கெட்டும் தூரத்தில் அசையாமல் நிற்கிறார்கள். பிறகு ஒரே வீச்சு, ரத்தம் பீறிடுகிறது. அதற்குமுன் வந்த எல்லாச் சிரிப்பும் அங்கே உறைந்துவிடும்.

சண்டைக்காக ‘ஹராகிரி’யைப் போடுகிறவர்தான் ஏமாந்துபோவார். 133 நிமிடத்தில் பெரும்பகுதி ஒரு முற்றத்தில் உட்கார்ந்து பேசுவது. நடப்பது 1630. அனுமதி வாங்காமல் ஹிரோஷிமா கோட்டையைச் செப்பனிட்டதற்காக 1619இல் ஃபுகுஷிமா குலத்தின் நிலம் பறிபோனது. ஒரே உத்தரவில் அத்தனை வீரர்களும் நடுத்தெருவுக்கு வந்தார்கள். நாயகன் அவர்களில் ஒருவன். மற்ற இரண்டு படங்களிலும் வேலையின்மை ஒரு சுதந்திரம். இங்கே அது பசி. வாளை அடகு வைத்துவிட்டு மூங்கில் பட்டையை உறையில் செருகி வைத்திருக்கும் இளைஞனை, ஒரு பிரபுவின் மாளிகையில் அதே மூங்கிலால் வயிற்றைக் கிழித்துக்கொள்ளச் (அதுதான் ஹராகிரி) சொல்கிறார்கள். மழுங்கிய முனை உள்ளே போக மறுக்கும் அந்தக் காட்சியைக் கொபாயாஷி சீக்கிரம் முடிப்பதில்லை. நம்மையும் விடுவதில்லை. இசையமைப்பாளர் தகெமிட்சுவின் பீவா (ஜப்பானிய நரம்பிசைக் கருவி) அறைகிற மாதிரி ஒலிக்கும்; போன் ஸ்பீக்கரில் அது வெறும் ‘டப்’. ஹெட்போன் கட்டாயம்.

கதை முன்னும் பின்னும் தாவும் என்பதால் இடையில் நிறுத்தாதீர்கள். அதே மாளிகைக்கு வந்து தானும் ஹராகிரி செய்துகொள்வதாகச் சொல்லும் நகாதாய், வழக்கப்படி முடிவில் தன் தலையை வெட்டக் கேட்கும் மூன்று பேரின் பெயர்களை மட்டும் நினைவில் வையுங்கள்: ஓமோதாகா, யசாகி, கவாபே. அந்த மூவரும் அன்றைக்கென்று பார்த்து உடம்பு சரியில்லை என்று லீவு போட்டிருப்பார்கள்.