ஹைபரி வாக்கிங் டூர்: இடிச்சுட்ட ஸ்டேடியத்த சுத்திப் பாக்க காசு குடுக்கலாமா?

குடுக்கலாம். ஆனா எல்லாருக்கும் இல்ல. இது லண்டன்ல ஆர்சனல் ஃபுட்பால் கிளப்போட பழைய மைதானம் ஹைபரி இருந்த தெருக்கள சுத்திக் காட்டுற நடை டூர். கிளப்பே இப்ப ஆடுற எமிரேட்ஸ் ஸ்டேடியத்துக்குள்ள கூட்டிட்டுப் போய் டிரெஸ்ஸிங் ரூம் காட்டுமே, அந்த டூர் வேற, இது வேற, புக் பண்ணும்போது குழப்பிக்காதீங்க. ஒத்த ஆளா ஒருத்தர் நடத்துறாரு, கீழ கொஞ்சம் குறை சொல்லிருக்கேன், அதனால பேர் போடல.

ஆர்சனல் டியூப் ஸ்டேஷன்லயே ஆரம்பிக்கிறாரு, அது நல்ல ஐடியா. பிளாட்பார்ம் சுவத்து டைல்ஸ்ல இன்னமும் கில்லெஸ்பி ரோடுன்னு பெருசா எழுதிருக்கும், அதான் ஸ்டேஷனோட பழைய பேரு. மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன் விடாம நச்சரிச்சு 1932ல கிளப் பேர வாங்கி வச்சுட்டாரு, லண்டன் பூராவும் மேப்புல ஃப்ரீ விளம்பரம், என்னா மூளை பாருங்க. வெளிய ஏறி வர்ற அந்த நீளமான சரிவுப் பாதையில ஓரமா கம்பி வேலி போட்டு ஒரு தனி வழி இருக்கும், மேட்ச் கூட்டத்த சமாளிக்க வச்சது. நான் மட்டும் போயிருந்தா அத கவனிச்சிருக்கவே மாட்டேன்.

டூரோட உயிரே ஏவெனெல் ரோடு தான். ரெண்டு பக்கமும் சாதா வீடுங்க, திடீர்னு நடுவுல வெள்ளையா ஈஸ்ட் ஸ்டாண்ட் முகப்பு எந்திரிச்சு நிக்குது, 1936ல 1,30,000 பவுண்டு செலவுல கட்டுனது, ஆர்ட் டெகோ ஸ்டைல், மேல பீரங்கி சின்னம். எதுத்தாப்ல ஹைபரி ஹில் பக்கம் இருக்குற வெஸ்ட் ஸ்டாண்ட் 1932ல வந்துச்சு, அதோட வாசல் ரெண்டு வீட்டுக்கு நடுவுல செருகி வச்ச மாதிரி இருக்கு, தெரியாதவங்க நேரா தாண்டிப் போயிடுவாங்க. இங்க நின்னு தான் கைடு அந்த முக்கியமான கேள்விய எடுக்குறாரு, இவ்ளோ அழகான கிரவுண்ட ஏன் விட்டுட்டுப் போனாங்க?

பதில் கண்ணு முன்னாடியே இருக்கு, நாலு பக்கமும் வீடு. 1935 மார்ச்ல சண்டர்லாண்ட் மேட்ச்சுக்கு 73,295 பேரு வந்தாங்க, அப்ப பெரும்பாலும் நின்னுக்கிட்டே பாக்குறது தான். 1989ல ஹில்ஸ்பரோ மைதான நெரிசல்ல அத்தன உயிர் போனதுக்கு அப்புறம் அத விசாரிச்ச டெய்லர் ரிப்போர்ட் வந்து பெரிய கிளப் எல்லாம் முழுக்க சீட் போட்டே ஆகணும்னு ஆச்சு, வடக்குப் பக்கம் நின்னு பாக்குற நார்த் பேங்க் படிக்கட்ட 1992ல இடிச்சாங்க, கடைசில மொத்த கிரவுண்டும் 38 ஆயிரத்து சொச்சம் பேருக்கு தான் இடம்னு சுருங்கிடுச்சு. பெருசாக்கலாம்னா வீடுகள வாங்கி இடிக்கணும், ஈஸ்ட் ஸ்டாண்ட தொட முடியாது ஏன்னா அது பாதுகாக்கப்பட்ட கட்டிடம். ஐரோப்பிய கிளப்புங்க மோதுற சாம்பியன்ஸ் லீக்குக்கு இடம் பத்தாம 1998லருந்து ரெண்டு சீசன் வெம்ப்ளிக்கு போய் ஆடுனாங்க, கூட்டம் 70 ஆயிரத்த தாண்டுச்சு, ஆனா ரெண்டு தடவையும் குரூப் சுற்றுலயே வெளிய. டிக்கெட் வாங்க ஆள் இருக்கு, உக்கார வைக்க தான் இடம் இல்லன்னு அப்ப தெளிவாயிடுச்சு. கொஞ்ச தூரத்துல ஆஷ்பர்ட்டன் குரோவ்ல குப்பைக் கிடங்கும் தொழிற்பேட்டையுமா இருந்த இடத்துல 60 ஆயிரம் சீட்டோட எமிரேட்ஸ் 2006ல திறந்தாங்க. இந்தப் பகுதிய கைடு சொன்ன விதத்துக்கே குடுத்த காசு தகும்.

இப்ப அங்க ஹைபரி ஸ்கொயர்னு அபார்ட்மென்ட். ஈஸ்ட், வெஸ்ட் ரெண்டு ஸ்டாண்டோட முகப்ப மட்டும் வச்சுக்கிட்டு பின்னாடி பிளாட் கட்டிட்டாங்க, நார்த் பேங்க்கும் தெக்குப் பக்கம் இருந்த கிளாக் எண்டும் முழுசா போச்சு, ஆடுகளம் இருந்த இடம் குடியிருக்கவங்களுக்கான தோட்டம். உள்ள சுத்தலாம்னு நெனச்சுட்டு வராதீங்க, தனியார் இடம், நாங்க கேட் வழியா எட்டிப் பாத்ததோட சரி. தியரி ஹென்றி, பெர்க்காம்ப் மாதிரி ஆட்டக்காரங்க ஓடுன எடத்துல செடி வச்சிருக்காங்கன்னு சிலருக்கு வயிறு எரியும். எனக்கு அப்படி இல்ல, சூப்பர் மார்க்கெட்டும் கார் பார்க்கிங்கும் ஆகிப்போன கிரவுண்டுங்க இங்கிலாந்துல எவ்ளோ இருக்கு, இங்க அந்த செவ்வகமாவது அப்படியே திறந்த வெளியா இருக்கே.

இப்ப குறை. இன்வின்சிபிள்ஸ், அதான் தோக்கவே தோக்காத டீம், அவங்க கதைய இழுத்துட்டே போறாரு. 2003-04ல 38 மேட்ச்ல ஒண்ணு கூட தோக்கல, 26 ஜெயிப்பு 12 டிரான்னு வந்திருந்த எல்லாருக்கும் மனப்பாடம், அதுக்கு எதுக்கு தெருவுல நிக்க வைக்கணும். ஆனா தேம்ஸுக்கு தெக்க வூலிச் ஆயுதத் தொழிற்சாலை ஆளுங்க 1886ல ஆரம்பிச்ச கிளப் எப்படி வடக்கு லண்டனுக்கு வந்துச்சுங்கிறத ரெண்டே வரியில முடிச்சுட்டாரு. அதுல தான்யா சுவாரசியமே இருக்கு! கிளப் தலைவர் ஹென்றி நாரிஸ் 1913ல ஒரு மதக் கல்லூரியோட விளையாட்டு மைதானத்த 21 வருஷ குத்தகைக்கு எடுக்குறாரு, புனித வெள்ளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் மேட்ச் வைக்கக் கூடாதுன்னு கண்டிஷன், 1925ல தான் 64 ஆயிரம் பவுண்டு குடுத்து சொந்தமாக்குனாங்க. முதல் மேட்ச் லெஸ்டர் ஃபாஸ் கூட, 2-1 ஜெயிப்பு, கட்டிட வேலையே முடியல, அடிபட்ட ஆர்சனல் ஆட்டக்காரர் ஜார்ஜ் ஜோபிய பால் வண்டில ஏத்திட்டுப் போனாங்க. 1919ல இரண்டாம் டிவிஷன்ல இருந்த ஆர்சனல ஓட்டு போட்டு முதல் டிவிஷனுக்கு ஏத்திட்டு வடக்கு லண்டன் எதிரி கிளப் டாட்டன்ஹாம கீழ தள்ளுனாங்க, அந்தப் புகைச்சல் இன்னும் அடங்கல. நான் கேள்வி கேட்டதும் நல்லா தான் பதில் சொன்னாரு, அப்ப சரக்கு இருக்கு, தானா எடுத்து விடல அவ்ளோ தான். மைக்கும் இல்ல, வண்டி போற நேரத்துல பின்னாடி நிக்கிறவங்களுக்கு பாதி கேக்காது.

குட்டிக் கதைங்க நல்லா சொல்றாரு. கட்டுமானக் குழியில குதிரை ஒண்ணு விழுந்து அங்கயே புதைச்சுட்டாங்கன்னு ஒரு கதை இருக்கு, நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். நார்த் பேங்க் கட்டுற வரைக்கும் மறைப்புக்கு ரசிகர் கூட்டத்த பெரிய ஓவியமா வரைஞ்சு வச்சாங்க, பாத்தா அதுல கறுப்பின முகமே இல்ல, கேள்வி கிளம்புனதும் மாத்தி வரைஞ்சாங்க. 1966ல குத்துச்சண்டையில ஹென்றி கூப்பருக்கு கண்ணுக்கிட்ட வெட்டு விழுந்து சண்டைய நிறுத்தி முகமது அலி ஜெயிச்சதும் இங்க தான்.

கடைசி மேட்ச் 2006 மே 7, விகான் கூட 4-2, தியரி ஹென்றி மூணு கோல், மூணாவது போட்டதும் புல்லுக்கு முத்தம். அன்னைக்கே டாட்டன்ஹாம் ஆளுங்க வயித்துக் கோளாறோட வெஸ்ட் ஹாம் கிட்ட தோத்து லீக்ல நாலாவது இடத்த ஆர்சனலுக்கு விட்டுக் குடுத்தத கைடு நடிச்சே காட்டுறாரு, அது ஒண்ணு செம.

டூர் எமிரேட்ஸ் வெளிச் சுவர்ல மாட்டிருக்குற பழைய ஹைபரி கடிகாரத்துக்கிட்ட முடியுது. மேட்ச் இல்லாத நாளா பாத்து போங்க, சின்னப் பசங்கள கூட்டிட்டுப் போகாதீங்க, அவங்களுக்கு பாக்க எதுவும் இல்ல. கிளப்போட மியூசியமும் பாக்கணும்னா டூர முடிச்சுட்டு போங்க, அப்ப தான் அங்க இருக்குற போட்டோ எல்லாம் எந்த மூலைன்னு புரியும். அஞ்சுக்கு நாலு குடுக்கலாம், இன்வின்சிபிள்ஸ கொஞ்சம் குறைச்சு நாரிஸ கூட்டுனாருன்னா நாலரை.