இரண்டு சோலார், ஒரு கேபிள், மூன்று வருடம்

வீட்டுக் கூரையில் ஒரு சோலார், 80 மீட்டர் தள்ளி மோட்டார் கொட்டகையில் ஒரு சோலார். தனித்தனி பேட்டரி, பேட்டரி மின்சாரத்தை வைத்த வோல்ட்டில் வெளியே தரும் கன்வர்ட்டரும் தனித்தனி, இரண்டும் 48 வோல்ட் டிசி. 16 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் கேபிள் இழுத்து இரண்டையும் இணைத்து மூன்று வருடமாகிறது.

முதல் வருடம் வீடு முதலாளி, கொட்டகை வேலையாள். எத்தனை ஆம்பியர் வேண்டும் என்று சிக்னல் வயரில் வீடு சொல்லும், கொட்டகை தரும். பங்கீடு பிசகவே இல்லை, எலி அந்த வயரைக் கடிக்கும் வரை. கட்டளை வராமல் கொட்டகை கன்வர்ட்டர் நின்றுவிட்டது. விடிவதற்குள் வீட்டுப் பேட்டரி காலி.

அப்புறம் டிரூப் முறைக்கு மாறினேன். இதில் பேச்சுவார்த்தையே கிடையாது. பாரம் ஏற ஏற கன்வர்ட்டர் தன் வோல்ட்டைக் கொஞ்சம் இறக்கும். அந்த இறக்கத்தைப் பார்த்தே மற்றது தோள் கொடுக்கும். ஆம்பியருக்கு 0.1 வோல்ட் இறங்கும்படி வைத்தேன். வீட்டில் 10 ஆம்பியர் இழுத்தால் ஆளுக்கு 5 என்பது என் கணக்கு. கிளாம்ப் மீட்டரை மாட்டினால் வீடு 7.3, கொட்டகை 2.7. "அந்தப் பேட்டரி என்ன, உட்கார்ந்து சாப்பிடுதா?" என்றார் அப்பா. பேட்டரி மேல் குற்றமில்லை. போக வர 160 மீட்டர் கேபிளின் மின்தடையே 0.17 ஓம், அதாவது ஆம்பியருக்கு 0.17 வோல்ட் இறக்கம்; நான் வைத்த டிரூப்பைவிட அதிகம்.

இன்னொரு திருட்டும் பிடிபட்டது. ராத்திரி எல்லாம் அணைந்த பிறகும் கேபிளில் அரை ஆம்பியர் ஓடியது. இரண்டு கன்வர்ட்டரும் தங்கள் திரையில் 48 காட்டின, மல்டிமீட்டரில் 0.2 வோல்ட் வித்தியாசம். ஒரு பேட்டரி இன்னொன்றுக்குச் சும்மா ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அளவீட்டைச் சரிசெய்ததும் நின்றது.

பங்கை நெருக்க டிரூப்பை 0.5 ஆக்கினேன். 5.7க்கு 4.3 வந்தது, ஆனால் வீட்டில் 45 வோல்ட்தான். திண்ணை எல்இடி பட்டை மங்கியது. பிஎல்டிசி ஃபேன் வேகம் குறையாமல், வோல்ட் குறைந்ததற்கு ஈடாகக் கூடுதல் கரன்ட் இழுத்தது; அது இன்னும் மோசம்.

இப்போது கலவை. அடியில் அதே 0.1 டிரூப். மேலே சில விநாடிக்கு ஒருமுறை இரண்டும் ஆம்பியரையும் பேட்டரி இருப்பையும் சொல்லிக்கொண்டு, இலக்கு வோல்ட்டை மெல்லத் திருத்தும். சார்ஜ் குறைந்ததற்குப் பங்கும் குறைவு. வயர் அறுந்தால் திருத்தம்தான் நிற்கும், விளக்கு நிற்காது. போன மழையில் அதையும் பார்த்தாயிற்று. திருத்தத்தை மட்டும் வேகப்படுத்தாதீர்கள். நான் செய்து பார்த்தபோது கரன்ட் ஊஞ்சலாடியது.

உங்கள் கேபிள் 10 மீட்டருக்குள் என்றால் வெறும் டிரூப்பே போதும், சிக்னல் வயர் காசு மிச்சம். என் சிக்னல் வயர் இப்போது இரும்புக் குழாய்க்குள் போகிறது.